காக்டெயிலுக்குப் புல் தட்டு: வீட்டிலேயே வளர்த்து மேய விடுவது எப்படி

காக்டெயில் என்ற கொண்டைக் கிளியை வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலும் காலையில் கிண்ணம் நிறையத் தினையைக் கொட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரத்திலேயே பறவைக்கு வயிறு நிரம்பிவிடும். மீதிப் பகல் கம்பியைக் கடிப்பதிலும் கத்துவதிலும் போகும், சில பறவைகள் தங்கள் இறகையே பிடுங்க ஆரம்பித்துவிடும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் இதே பறவை கூட்டமாகத் தரையில் இறங்கி, புல்லுக்கு நடுவே உதிர்ந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கித் தின்கிறது. காலையும் மாலையும் அதற்கு அதுதான் பிழைப்பு. தேடித் தின்னும் அந்த வேலையை வீட்டுக்குள் கொடுப்பதற்குத்தான் இந்தப் புல் தட்டு. எங்கள் வீட்டு பாரியும் செல்லியும் இப்போது தட்டைக் கையில் எடுத்தாலே கொண்டையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுகின்றன.

புல் எங்கிருந்து?

வெளியில் பறித்த புல் வேண்டாம். சாலையோரப் புல்லில் வண்டிப்புகை, நாய் மூத்திரம், களைக்கொல்லி என்று எது இருக்கும் என்று சொல்ல முடியாது. கைப்பிடியோடு பார்த்தீனியம் என்ற நச்சுக் களையும் சேர்ந்து வந்துவிடும். பூங்காப் புல்லுக்கும் மருந்து அடிப்பார்கள். ஒரு காக்டெயிலின் எடை ஏறக்குறைய 80 முதல் 100 கிராம்தான். அந்தச் சின்ன உடம்புக்குத் துளி நஞ்சும் அதிகம். விதையிலிருந்து நாமே வளர்த்தால் இந்தக் கவலை இல்லை.

விதை

என் தேர்வு தினை. அடுத்தது கம்பு. கோதுமை சீக்கிரம் வளரும், முதல் தடவை செய்பவர்களுக்கு நல்லது. ஆனால் பறவை ஒரு இழு இழுத்தால் வேரோடு வந்துவிடும். அருகம்புல் மெதுவாகத்தான் பிடிக்கும், பிடித்துவிட்டால் எவ்வளவு மேய்ந்தாலும் துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் தினை அரிசி முளைக்காது, அது உமி நீக்கியது. பறவைத் தீவனக் கடையில் உமியோடு கிடைக்கும் தினையை வாங்குங்கள். விவசாய விதைக் கடையில் வாங்கவே வேண்டாம். அங்கே விற்கும் விதையில் பூஞ்சைக்கொல்லி தடவியிருப்பார்கள். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அதுதான் அடையாளம்.

சோளம் மட்டும் வேண்டவே வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு செத்த கதையைக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இளம் பயிரில் சயனைடு நஞ்சு உருவாகும். மாட்டுக்கே அந்தக் கதி என்றால் பறவை எம்மாத்திரம்.

விதைப்பு

அடியில் துளை போட்ட, இரண்டு அங்குல ஆழமுள்ள பிளாஸ்டிக் தட்டு போதும். நன்றாக அலசிப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவை ஓர் அங்குலத்துக்குப் பரப்புங்கள். உரம் கலந்த தொட்டி மண் வாங்காதீர்கள். அதில் வரும் வெள்ளை உருண்டைகளையும் உர மணிகளையும் பறவை கொத்திப் பார்க்கும். விதையை இரவு முழுக்க ஊறவைத்து, மிதப்பதை எறிந்துவிட்டு, வடிகட்டியில் போட்டு அலசுங்கள். அப்புறம் நெருக்கமாக ஒரே அடுக்காகத் தூவுங்கள். ஒன்றின் மேல் ஒன்று குவியக் கூடாது. நெருக்கமாக இருந்தால்தான் வேர்கள் பின்னிப் பாய் போல ஆகும், பறவையால் நார்க்கழிவைக் கிளறி விழுங்க முடியாது. முளை வரும்வரை ஈரத்துணி போட்டு மூடுங்கள், வந்ததும் துணியை எடுத்துவிட்டு இளவெயில் படும் சன்னல் பக்கம் வையுங்கள்.

பூஞ்சையா, வேர்த்தூவியா?

என்னை அதிகம் படுத்தியது இந்தக் கட்டம்தான். மூன்றாம் நாள், நான்காம் நாள் தட்டைப் பார்த்தால் முளைகளைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ இருக்கும். புதியவர்கள் பாதிப் பேர் நல்ல தட்டைப் பூஞ்சை என்று தூக்கி எறிகிறார்கள். மீதிப் பேர் பூஞ்சை பிடித்த தட்டை வேர் என்று நினைத்துப் பறவைக்குக் கொடுக்கிறார்கள்.

கிட்டே வைத்துப் பாருங்கள். வெள்ளை ஒவ்வொரு வேரையும் சுற்றி மட்டும், எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் குச்சி குச்சியாக நின்றால் அது வேர்த்தூவி, அதாவது வேரிலிருந்து கிளம்பும் மெல்லிய மயிரிழைகள். தண்ணீர் தெளித்ததும் வேரோடு ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும், கொஞ்சம் காய்ந்ததும் மறுபடி தெரியும். பூஞ்சை அப்படி இல்லை. ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்கு, முளைக்காத விதையின் மேலும்கூட, சிலந்தி வலை போலத் தாவிப் படரும். தண்ணீர் தெளித்தாலும் போகாது. சாம்பலோ பச்சையோ கறுப்போ நிறம் தட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். முகர்ந்தால் பழைய ஈரத்துணி வாடை வரும்.

பூஞ்சை என்று தெரிந்தால் மேலாகக் கிள்ளி எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசிக்காதீர்கள். பறவையின் மூச்சு நுரையீரலோடு நிற்பதில்லை, உடம்புக்குள் காற்றுப் பைகள் வரை போகும். ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சையின் வித்துகள் அங்கே போய்க் குடியேறினால் குணப்படுத்துவது பெரும்பாடு. முழுத் தட்டையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, பறவை இல்லாத பக்கமாக வெளியே கொண்டுபோய் எறியுங்கள்.

பூஞ்சை வராமலிருக்க, தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் தட்டைத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், பிறகு வடியவிடுங்கள். காற்றோட்டம் கட்டாயம். சென்னை மாதிரி ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் தட்டே போடுவதில்லை. அருகம்புல் தொட்டியை வைத்து ஒப்பேற்றிவிடுவேன்.

மேய விடுவது

புல் மூன்று நான்கு அங்குலம் வளர்ந்ததும் கொடுக்கலாம். நீளமான இழைகள் பறவையின் கால்விரலில் சுற்றிக்கொள்ளும், உயரமாகிவிட்டால் கத்தரித்துவிடுங்கள். முதல் நாள் மாலையே தட்டுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுங்கள். காலையில் கிண்ணத்தில் போடும் தினையில் ஒரு பகுதியை எடுத்துப் புல்லின் அடியில் தூவுங்கள். புல்லோடு விதையும் இருந்தால்தான் அதற்குத் தேடும் வேலை இருக்கும். வெறும் புல்லைச் சில பறவைகள் இரண்டு கடி கடித்துவிட்டுப் போய்விடும். கிண்ணத்தை முழுசாக எடுத்துவிட்டுப் பட்டினி போட்டுப் பழக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தட்டு தரையில் இருக்க வேண்டும், கூண்டின் மேலே தொங்கவிடாதீர்கள். தரையில் மேயும் பறவை எப்போதும் பயந்துகொண்டேதான் மேயும், அதனால் நாலு பக்கமும் பார்க்கும்படி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள். மொட்டை மாடியில் கூண்டை வைத்து மேய விடும் ஆசை வேண்டாம், பருந்தும் காக்கையும் கண்ணில் பட்டாலே பறவை மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும்.

பாரி முதலில் தட்டைக் கண்டாலே சீறினான். தட்டை அறையின் மூலையில் வைத்துவிட்டு, ஒரு பிடி புல்லை அவனுக்குப் பழக்கமான சாப்பாட்டுத் தட்டில் தினையோடு போட்டேன். அதில் கொத்தப் பழகிய பிறகு பெரிய தட்டை நாளுக்குக் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினேன். செல்லி முதலில் இறங்கியதும் அவனும் இறங்கிவிட்டான். இதில் அவசரம் கூடாது.

இரண்டு மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடியில் தங்கிய விதை ஈரத்தில் புளித்துவிடும். எச்சம் விழுந்த புல்லைக் கத்தரித்து எறியுங்கள். ஒரு தட்டு மூன்று நான்கு முறை தாங்கும்.

பின்சேர்க்கை 1: கம்புக் கதிரை அப்படியே கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், ஆனால் பிசுபிசுவென்று தேன் மாதிரி ஒழுகியிருந்தாலோ, மணிக்குப் பதில் கறுத்த கொம்பு மாதிரி நீட்டியிருந்தாலோ அது தேன் ஒழுகல் நோய். அந்தக் கதிர் நஞ்சு.

பின்சேர்க்கை 2: ஒரு வாசகர் வீட்டில் பெண் பறவை தட்டிலேயே அமர்ந்து பின்பக்கத்தைத் தூக்கிக் குரல் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. மழைக்குப் பின் பசுமையும் விதையும் பெருகும் காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் பறவை இது. முளையும் புல்லும் தாராளமாகக் கிடைத்தால் முட்டையிடத் தயாராகிவிடும். திரும்பத் திரும்ப முட்டையிட்டால் சுண்ணாம்புச் சத்து கரையும், முட்டை அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அந்த அறிகுறி தெரிந்தால் புல் தட்டைச் சில வாரம் நிறுத்துங்கள், இரவில் சீக்கிரம் விளக்கை அணையுங்கள், கணவாய் ஓடு கூண்டில் எப்போதும் இருக்கட்டும். தேடும் வேலைக்கு அதுவரை கசக்கிய வெள்ளைக் காகிதத்துக்குள் தினையை மடித்துப் போடலாம்.