டீக்கடை பாய்லருக்கு ஆகும் மின்செலவைக் கணக்கிடும் முறை

ஊட்டியிலோ குன்னூரிலோ டீக்கடை நடத்துவோர், மின்சார பாய்லர் ஒன்றை வாங்கும் முன்பே அதனால் கட்டணம் எவ்வளவு கூடும் என்பதைத் தாமே கணக்கிட்டுவிடலாம். பலரும் பாய்லரின் தகட்டில் உள்ள வாட் அளவைக் கடை திறந்திருக்கும் நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். 3 கிலோவாட் பாய்லர் 12 மணி நேரத்தில் 36 யூனிட் இழுக்கும் என்று காட்டும் அந்தக் கணக்கை நம்பி நல்ல பாய்லரை வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நீர் சூடேறியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவதால், ஹீட்டர் நாள் முழுவதும் எரிவதில்லை.

முதலில் விற்பனைக்குத் தேவையான நீரைக் கணக்கிட வேண்டும். 860 லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும் என்பதால், லிட்டரை வெப்ப உயர்வால் பெருக்கி 860 ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆனால் தொட்டி நீர் குளிர்ந்திருப்பதால் அந்த ஆதாயம் பெரும்பாலும் கரைந்துபோகிறது. 12 டிகிரி நீரை 92 டிகிரிக்குக் கொண்டுவர 80 டிகிரி ஏற்ற வேண்டும். நாளொன்றுக்கு 60 லிட்டர் என்றால் 5.6 யூனிட்.

அடுத்தது, சூட்டைத் தக்கவைக்க ஆகும் செலவு. குளிர்ந்த காற்று சூழ்ந்த மலைக்கடைகளில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. யாரும் நீர் பிடிக்காத ஒரு மணி நேரத்தில், ஹீட்டர் விளக்கு மொத்தம் எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் எரிந்தால் மணிக்கு கால் யூனிட், 12 மணி நேரத்துக்கு 3 யூனிட். இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்கு 8.6 யூனிட், 60 நாளுக்கு 516 யூனிட். யூனிட் விலை 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,160 ரூபாய் ஆகும். அதில் 1,800 ரூபாய் வெறுமனே சூட்டைக் காத்ததற்கான செலவு. உங்களுக்குப் பொருந்தும் விலையைக் கடையின் கடைசி ரசீதில் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு ரசீது இதற்கு உதவாது.

பகலில் பாய்லரை அணைத்துவைத்தால் மிச்சமாகும் என்ற நம்பிக்கை ஓரளவுக்கே சரி. ஆறிய நீரை மறுபடி சூடேற்றவும் மின்சாரம் வேண்டியிருப்பதால், ஒரு மணி நேர இடைவெளியில் கிடைக்கும் மிச்சம் மிகவும் சிறிது. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே வெப்பக்காப்பு உள்ள பாய்லரை வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மின்னழுத்தம் குறையும் ஊர்களில் தகட்டின் அளவு பொருந்தாது. 230 வோல்ட்டில் 3 கிலோவாட் இழுக்கும் ஹீட்டர் 200 வோல்ட்டில் 2.3 கிலோவாட் அளவே இழுக்கும். நீர் சூடேறத் தாமதமாகும். உங்கள் ஹீட்டர் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்ற ஐயத்தைத் தீர்க்க, மற்ற கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு பாய்லரை மட்டும் ஓடவிட்டு, மீட்டரில் மின்னும் சிறுவிளக்கை ஹீட்டர் எரியும்போது ஒரு நிமிடம் எண்ணலாம். யூனிட்டுக்கு 1,600 துடிப்பு (விளக்கு ஒருமுறை மின்னுவது ஒரு துடிப்பு) என்று மீட்டரில் அச்சிட்டிருந்து, நிமிடத்துக்கு 64 முறை மின்னினால், அது 2.4 கிலோவாட்.

வணிக இணைப்பில் அனுமதிக்கப்பட்ட மின்சுமைக்குக் கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் உண்டு. புதிய பாய்லருக்காக அந்தச் சுமையை உயர்த்த நேர்ந்தால், கூடும் நிலைக்கட்டணத்தையும் மின்வரியையும் மேற்சொன்ன தொகையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.