வாயுக் கணக்கில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?

அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் வருவதும், மோல் எண்ணிக்கை (வாயுவில் எத்தனை மூலக்கூறுகள் என்பதைச் சொல்லும் அளவு), வாயு மாறிலி, வெப்பநிலை மூன்றையும் பெருக்கினால் வருவதும் சமம். இதைத் தலைகீழாக ஒப்பிப்பவர்கள்கூட, எந்த எண்ணை உள்ளே போடுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு டயர். 27 டிகிரி செல்சியஸில் கேஜ் 32 பிஎஸ்ஐ காட்டுகிறது. ஓடிச் சூடேறி உள்காற்று 47 டிகிரியாகிறது. கனஅளவு மாறவில்லை என்று கொள்வோம். 47-ஐ 27-ஆல் வகுத்துப் பெருக்கினால் 55.7 வரும். டயர் அப்படியெல்லாம் எகிறாது. செல்சியஸின் பூஜ்ஜியம் தண்ணீர் உறையும் புள்ளி, அவ்வளவுதான். கணக்குக்கு வேண்டியது, வெப்பநிலையின் உண்மையான பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் கெல்வின். 273 கூட்டிக் கெல்வினாக்கினால் 300, 320. இப்போது விடை 34.1.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இதுவும் தவறு. வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான் கேஜ் காட்டுகிறது. முழுக்கக் காற்றிறங்கிய டயரில் கேஜ் பூஜ்ஜியத்தில் நின்றாலும், உள்ளே 14.7 பிஎஸ்ஐ இருக்கிறது. ஆகவே 14.7 கூட்டி 46.7 என்று தொடங்குங்கள். 320/300-ஆல் பெருக்கினால் 49.8, அதில் 14.7 போக கேஜ் காட்டுவது 35.1. இதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். டயர் ஆறியதும் 32-க்குக் கீழே போய்விடும். காற்றை ஆறிய டயரில்தான் அளக்க வேண்டும்.

வெப்பநிலை வித்தியாசத்துக்கு மட்டும் 273 கூட்டக் கூடாது: 20 டிகிரி உயர்வு என்றால் 20 கெல்வின் உயர்வுதான்.

ஆக்சிஜன் ஒரு மோல் 32 கிராம். மோல் கணக்கிட, கிராமை ஒற்றை அணுவுக்கான 16-ஆல் வகுத்தால் விடை இரட்டிப்பாகிவிடும். ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்பதும் 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டுமே. 25 டிகிரியில் அது 24.5 லிட்டர். மாறிலி 0.0821 என்றால் லிட்டரும் வளிமண்டல அழுத்தமும், 8.314 என்றால் கனமீட்டரும் பாஸ்கலும். இரண்டையும் கலக்காதீர்கள்.

அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும் என்கிற பாயில் விதிக்கு வெப்பநிலையும் வாயுவின் அளவும் மாறாமல் இருக்க வேண்டும். சைக்கிள் பம்பை வேகமாக அழுத்தும்போது காற்று சூடாகிறது. அங்கே அந்த விதி அப்படியே பொருந்தாது.

சிலிண்டரில்தான் பெரிய குழப்பம். அழுத்தி அடைத்த ஆக்சிஜனில், வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் பாதியானால் வாயுவும் ஏறக்குறையப் பாதி. சமையல் எரிவாயு அப்படியல்ல. உள்ளே திரவம் மிச்சமிருக்கும்வரை அது ஆவியாகி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தைப் பெரும்பாலும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. முக்கால்வாசி தீர்ந்த பிறகும் கேஜ் பெரிதாக இறங்காது. எவ்வளவு மிச்சம் என்பதைத் தராசில் வைத்து, காலி சிலிண்டரின் எடையைக் கழித்துப் பாருங்கள்.