சூப்பர்சார்ஜர் காரில் ஆயில் புகை: கேட்ச் கேன் வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வைத்த காரில் த்ராட்டிலுக்கு, அதாவது காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவுக்கு, போகும் இன்டேக் குழாயைக் கழற்றி, உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பாக லேசான எண்ணெய்ப் பசை ஒட்டினால் பதற வேண்டாம், ஓடுகிற என்ஜினில் அது இருக்கத்தான் செய்யும். குழாயைச் சாய்த்ததும் எண்ணெய் ஒழுகி வந்து தரையில் சொட்டினால்தான் விஷயம். பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே போனை எடுத்து ஒரு கேட்ச் கேனை, அதாவது என்ஜின் வாயுவிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் டப்பாவை, ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் காரிலும் இருக்கிறது. ஆனால் எண்ணெய் எந்த வழியாக, என்ஜின் என்ன வேலை செய்துகொண்டிருக்கும்போது வருகிறது என்று தெரியாமல் மாட்டுகிற கேன் பாதி நேரம் காலியாகவே கிடக்கும்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நூறு சதவீதம் அடைக்காது. ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும், சூட்டில் விரிவதற்கு. எரியும் வாயுவில் கொஞ்சம் அதன் வழியே நழுவிக் கீழே க்ராங்க் சுழலும் கூடான க்ராங்க்கேஸுக்குள் இறங்குகிறது, பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் நழுவுவதும் கூடுகிறது. இதைத்தான் ப்ளோ-பை என்கிறோம். அதில் எரியாத பெட்ரோல், நீராவி, அமிலத்தன்மை உள்ள வாயுக்கள் எல்லாம் உண்டு. கீழே க்ராங்க் கடைந்து கிளப்புகிற எண்ணெய்த் தூவலையும் சேர்த்துக்கொண்டு, அது எப்படியாவது வெளியேறப் பார்க்கும். வழி விடவில்லை என்றால் டிப்ஸ்டிக்கைத் தூக்கித் தள்ளும், க்ராங்கின் பின்பக்க ஆயில் சீலைக் கசிய வைக்கும்.

அந்தக் காலத்து என்ஜின்களில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியே நேராகச் சாலையில் விட்டுவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்துதான் அதைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்பி எரிக்கும் பிசிவி வால்வு வந்தது. காற்றுக்கு அது நல்லது, என்ஜின் ஆயிலுக்கும் நல்லது. ஆனால் பூஸ்ட் உள்ள என்ஜினில் இதற்கு ஒரு விலை உண்டு. உள்ளே போகும் காற்றில் எண்ணெய் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்த மாதிரி ஆகிவிடும், நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) வரும், என்ஜினின் கணினியான ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறன் அப்படியே கரைகிறது. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் எண்ணெய்ப் படலம் படிந்தால் சூடு சரியாக இறங்காது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின் என்றால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ பெட்ரோலே வராது, எண்ணெய் அங்கேயே கரியாக உறையும்.

சரி, வழிக்கு வருவோம். பெரும்பாலான என்ஜின்களில் க்ராங்க்கேஸுக்கு இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று பிசிவி வால்வு வழியாக மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்கு, போகும். இன்னொன்று ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் குழாயிலிருந்து சுத்தமான காற்றைக் கொண்டுவரும் பிரீதர் குழாய். ஐடிலிலும் நிதானமாக ஓட்டும்போதும் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும், அதனால் பிரீதர் வழியே காற்று உள்ளே வந்து, பிசிவி வழியே வாயு வெளியே போகும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் கதையே மாறிவிடுகிறது. பூஸ்டை எதிர்கொள்ளும் பிசிவி வால்வு மூடிக்கொள்ள வேண்டும், மூடியதும் உள்ளே சேரும் வாயு எல்லாம் பிரீதர் குழாய் வழியே தலைகீழாக வெளியே ஓடும். அதாவது உண்மையான எண்ணெய் வெள்ளம் வருவது 'சுத்தமான' குழாயில்தான். பிசிவி பக்கம் மட்டும் கேன் வைத்துவிட்டு, 'கேன்ல ஒண்ணுமே சேரல, என் என்ஜின் சூப்பர்' என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ட்ராக்கில் ஓட்டுகிற கார் என்றால் பிரீதர் பக்கத்துக்குத்தான் முதல் கேன்.

இதிலும் சூப்பர்சார்ஜரின் வகை முக்கியம், ஒரு காரில் பார்த்ததை அப்படியே இன்னொன்றில் காப்பியடிப்பது அடுத்த பெரிய தவறு. இரண்டு ரோட்டர்கள் சுழன்று காற்றைத் தள்ளும் ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகளில் பொதுவாக த்ராட்டில் முன்னால், ப்ளோயர் (சூப்பர்சார்ஜர்தான்) பின்னால். பிசிவி குழாய் இந்த இரண்டுக்கும் நடுவே சேர்ந்தால் அதற்கு பூஸ்ட் தெரியவே தெரியாது. ஆனால் வருகிற எண்ணெய் ரோட்டர்களைக் குளிப்பாட்டிவிட்டு, கீழே இருக்கும் இன்டர்கூலரில் போய் உட்காரும். விசிறி மாதிரி ஒரு சக்கரம் சுழலும் சென்ட்ரிஃப்யூகல் வகையில் தலைகீழ், ப்ளோயர் முன்னால், த்ராட்டில் பின்னால். கம்பெனியில் பிரீதர் குழாயை மாட்டியிருந்தது த்ராட்டிலுக்குச் சற்று முன்னால், அந்த இடம் இப்போது பூஸ்ட் குழாய்! அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் சூப்பர்சார்ஜரே க்ராங்க்கேஸுக்குக் காற்றடிக்கும்.

நண்பர் ஒருவரின் காரில் இதை நேரில் பார்த்தேன். கிட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, டேப்பட் கவர் கேஸ்கெட் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, டிப்ஸ்டிக் இரண்டு விரல் உயரம் எழும்பி நிற்கிறது, சுற்றிலும் எண்ணெய். மாட்டிக்கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் 'ரிங் போயிருச்சு, என்ஜினைப் பிரிக்கணும்' என்று சொல்லிவிட்டார்கள். பிரீதர் குழாயை எடுத்து ப்ளோயருக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம் மாற்றி மாட்டினோம். அரை நாள் வேலை. என்ஜினைப் பிரிக்கவே இல்லை.

அப்புறம் அந்தக் குட்டி பிரீதர் ஃபில்டர். டேப்பட் கவரில் பளபளவென்று ஒன்றைச் சொருகிவிட்டு, பிசிவி குழாயை மட்டும் மேனிஃபோல்டில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில் இது நேரடிக் கோளாறு. சென்சார் எண்ணாத காற்று அந்த ஃபில்டர் வழியே க்ராங்க்கேஸுக்குள் நுழைந்து, பிசிவி வழியே மேனிஃபோல்டுக்குப் போகிறது, கலவை லீன் ஆகிறது (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை), ஐடில் தள்ளாடுகிறது, ஆள் இன்ஜெக்டரை மாற்றிக்கொண்டிருப்பார். பிசிவியையும் அடைத்துவிட்டு எல்லாவற்றையும் திறந்தவெளியில் விட்டால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியையும் நீராவியையும் இழுத்து வெளியேற்ற ஆளில்லாமல் போகும், ஆயில் சீக்கிரம் கெடும், கேபினுக்குள் நாற்றம் வரும், பல இடங்களில் சாலையில் ஓட்டும் காருக்கு அது சட்டப்படியும் செல்லாது. ட்ராக்குக்கு மட்டும் போகிற, அடிக்கடி ஆயில் மாற்றுகிற கார் என்றால் பரவாயில்லை. தினமும் ஓட்டுகிற காரில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டி, கடகடவென்று சத்தம் கேட்டால் நல்லது என்பார்கள். உள்ளே இருக்கும் துண்டு ஒட்டிக்கொள்ளவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், பூஸ்டை அடைக்குமா என்பது வேறு கேள்வி. பூஸ்ட் இல்லாத என்ஜினுக்குச் செய்த வால்வுகள் பல இந்த வேலைக்கு லாயக்கில்லை. வால்வின் மேனிஃபோல்டு பக்கத்தில் சுத்தமான ஒரு ஹோஸைச் சொருகி ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போனால் வரிசையில் தனியாக, ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் செக் வால்வு வேண்டும். அதன் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இரண்டு முறை பார்த்து மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் இருக்கிற வழியும் அடைபட்டுவிடும்.

கேன் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிப்பிள் வைத்த வெறும் டப்பா என்றால், ஒரு பக்கம் நுழைந்த மூடுபனி மறுபக்கம் அப்படியே வெளியேறிவிடும். வாயு வேகம் குறைய வேண்டும், எங்காவது மோத வேண்டும், குளிர வேண்டும், அப்போதுதான் எண்ணெய் துளியாகப் பிரியும். அதற்குத்தான் உள்ளே தடுப்புத் தகடும் ஸ்டீல் வலையும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் வைத்தால் குளிராது, இடம் இருக்கிறதே என்று அங்கே தொங்கவிடாதீர்கள். ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏஎன் என்கிற அளவு முறையில் ஏஎன்-6 ஹோஸின் பெயரளவு விட்டம் சுமார் 9.5 மி.மீ., ஏஎன்-10 சுமார் 16 மி.மீ. விட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும், ஆனால் வாயு போகும் குறுக்குவெட்டுப் பரப்பு கிட்டத்தட்ட 2.8 மடங்கு. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு நடுவில் ஒரு சின்ன எல்போ போட்டாலும் மொத்த வழியும் அந்த எல்போ அளவுக்குத்தான். கலர் கலராகக் கிடைக்கும் சாதா சிலிக்கான் ஹோஸும் இந்த வேலைக்கு ஆகாது, கொஞ்ச நாளில் வெளிப்பக்கம் வியர்த்த மாதிரி எண்ணெய் கசியும். எண்ணெய்க்கென்றே செய்த ரப்பர் ஹோஸ் போடுங்கள்.

கேனைக் காலி செய்யும்போது சாக்கடையில் ஊற்றாமல் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். அடியில் கலங்கலாகத் தண்ணீர், மேலே எண்ணெய், மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடை. குளிர் நாட்களில் சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓட்டினால் மொத்தமும் வெண்ணெய் மாதிரி வெளிறிப் போயிருக்கும். அதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அலற வேண்டாம், கூலன்ட் அளவு குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். 'நல்ல ஆயில்தானே' என்று இதைத் திரும்ப என்ஜினில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்! தயவுசெய்து வேண்டாம். காலி செய்ய மறப்பதும் ஆபத்துதான், நிரம்பிய கேனை ஒரு வேகமான வளைவில் என்ஜின் மொத்தமாக உறிஞ்சினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குழாயில் இருக்கும் எண்ணெய் எல்லாம் ப்ளோ-பை இல்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ரூட்ஸ் ப்ளோயரின் கியர்களுக்குத் தனி ஆயில் உண்டு, அதன் சீல் தேய்ந்தால் அந்த ஆயிலும் இன்டேக்குக்குள்தான் வரும். வாடையே வேறாக இருக்கும், ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். என்ஜின் ஆயிலைப் பகிர்ந்துகொள்ளும் சென்ட்ரிஃப்யூகல் ப்ளோயர்களில் ஆயில் திரும்பிப் போகும் குழாயைப் பாருங்கள். அது சம்பில் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தாலோ, நடுவில் தொய்ந்து கிடந்தாலோ, க்ராங்க்கேஸிலேயே அழுத்தம் இருந்தாலோ ஆயில் இறங்க முடியாமல் ப்ளோயரின் சீல் வழியே பிதுங்கும்.

ரிங் மேல் சந்தேகம் இருந்தால் லீக்-டவுன் டெஸ்ட் எடுங்கள், ஊகம் வேண்டாம். சிலிண்டருக்குள் 100 பிஎஸ்ஐ காற்றை விட்டு எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் காதை வைத்துக் கேளுங்கள், ஆயில் ஊற்றும் வாயில் உஸ்ஸென்று கேட்டால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஆனால் பூஸ்டுக்காகக் கட்டிய என்ஜினில் ரிங் இடைவெளியை வேண்டுமென்றே பெரிதாக வைப்பார்கள், குளிர்ந்த நிலையில் எடுத்தால் எண் கொஞ்சம் மோசமாகத்தான் தெரியும், அதனால் சூடாக்கிவிட்டு எடுங்கள். ப்ளோ-பையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு வைக்கும் தவறு. சூட்டில் முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் பிஸ்டனின் மேல்விளிம்பே பெயர்ந்துவிடும்.

எக்ஸாஸ்டில் குழாய் செருகி க்ராங்க்கேஸை உறிஞ்சவைக்கும் பழைய ரேஸ் வித்தை திறந்த ஹெடர் (சைலன்சர் இல்லாத எக்ஸாஸ்ட் குழாய்கள்) உள்ள காருக்குத்தான். சைலன்சரும் கேட்டலிஸ்டும் இருந்தால் அங்கிருந்து அழுத்தம் திரும்பி வரும். ஆயிலை 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று ஊற்றுவதும் இதே ரகம், க்ராங்குக்குக் கடைய இன்னும் நுரைதான் கிடைக்கும்.

கடைசியாக, அளந்து பார்க்காமல் செலவு செய்யாதீர்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து ஒரு காகிதத்தை வாயின் மேல் வையுங்கள், பல என்ஜின்களில் அது லேசாக உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும், படபடவென்று தூக்கியடித்தால் பிசிவி வேலை செய்யவில்லை அல்லது வாயு அதிகம். பூஸ்டில் என்ன நடக்கிறது என்பதைக் காகிதம் சொல்லாது. பழைய ஆயில் மூடி ஒன்றில் துளை போட்டு அழுத்தத்தை அளக்கும் ஒரு மேப் சென்சாரை மாட்டி, ஆர்பிஎம்மோடு சேர்த்து லாக் எடுத்துப் பாருங்கள். நண்பரின் காரில் முழு பூஸ்டில் 2 பிஎஸ்ஐக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த கோடு, குழாயை மாற்றிய அன்று சாயங்காலமே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. அவர் வாங்கி வைத்திருந்த கேன் அப்போதும் பெட்டியைப் பிரிக்காமலே இருந்தது.