சான் தெனியின் அரசர் கல்லறைகள்: பார்ப்போரும் எழுதுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸின் வடக்கு எல்லையை ஒட்டிய சான் தெனி பேராலயத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரச குடும்பக் கல்லறைகளும் படுத்த நிலைச் சிலைகளும் உள்ளன. மறைமாவட்டப் பேராலயம் என்ற தகுதி இதற்குக் கிடைத்தது 1966-இல்தான். அரசர்கள் அடக்கம் செய்யப்பட்ட நூற்றாண்டுகளில் இது ஒரு துறவு மடத்தின் கோயிலாக இருந்தது. மன்னரின் உடலைக் காப்பதும் அவருடைய ஆன்மாவுக்காக இடைவிடாமல் வேண்டுவதும் அந்தத் துறவியரின் கடமைகளாக இருந்தன. இதை மறந்துவிட்டால், இந்தக் கல்லறைகள் பலிபீடத்துக்கு அவ்வளவு அருகே இடம்பெற்ற காரணம் விளங்காது.

இங்கு வருவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன: இறந்தவரின் காலத்தையே சிலையின் காலமாக எடுத்துக்கொள்வது. சார்லஸ் மார்ட்டல் இறந்தது 741-இல். அவருடைய மகன் பெப்பின் இறந்தது 768-இல். ஆனால் இன்று அவர்களுடைய பெயரில் கிடக்கும் சிலைகள் ஏறத்தாழ 1263-க்கும் 1267-க்கும் இடையே, ஒன்பதாம் லூயி மன்னரின் காலத்தில் செதுக்கப்பட்டவை. இடையே ஐந்து நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன. ஆகவே பெப்பினின் அங்கியையும் மணிமுடியையும் பார்த்து எட்டாம் நூற்றாண்டு அரசர்கள் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று எழுதுவது பிழை. அந்த உடை 13-ஆம் நூற்றாண்டு அரசவையின் உடை. சார்லஸ் மார்ட்டல் ஒருநாளும் முடிசூட்டிக்கொண்டவர் அல்லர், அரண்மனையின் தலைமை அதிகாரியாக இருந்து நாட்டை ஆண்டவர். ஆயினும் சிற்பி அவருக்கு முடி அணிவித்திருக்கிறார். இதைச் சிற்பியின் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. பிற்காலத்து அரசகுலம் தன் முன்னோரை எப்படி நினைவுகூர விரும்பியது என்பதற்கு அந்த முடி ஒரு சான்று.

ஒன்பதாம் லூயியின் காலத்தில் ஒரே திட்டமாகச் செய்யப்பட்ட பதினாறு சிலைகளில் பதினான்கு எஞ்சியுள்ளன. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்து நகர்ந்துவிடுவது, என் கருத்தில், மிகப் பெரிய இழப்பைத் தரும் தவறு. கோயிலின் குறுக்குக் கூடத்தில் தென்புறம் முதலில் ஆண்ட குலங்களான மெரோவிங்கிய, கரோலிங்கிய வழியினரும், வடபுறம் அவர்களுக்குப் பின் வந்த, லூயியின் சொந்தக் குலமான கப்பேசிய வழியினரும் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தனர். இரு வரிசைகளுக்கும் நடுவே ஒன்பதாம் லூயியின் பாட்டனார் பிலிப் ஓகுஸ்தும் தந்தை எட்டாம் லூயியும் இடம்பெற்றனர். எட்டாம் லூயியின் தாய் இசபெல், பெப்பினின் மகனான பேரரசர் சார்லமேனின் வழிவந்தவர் என்பதால், அவர் மூலம் அரசுரிமை மீண்டும் சார்லமேனின் குருதிக்கே திரும்பிவிட்டது என்ற கருத்து அந்நாளில் பரவியிருந்தது. 987-இல் கப்பேசிய வழியின் முதல் மன்னர் ஊகோ கப்பே அரியணை ஏறியதால் ஏற்பட்ட வம்ச முறிவை, ஒரு சொல்லும் எழுதாமல், சிலைகளைக் கிடத்திய முறையாலேயே மூடிக் காட்டிய வடிவமைப்பு அது. அந்த ஒழுங்கை அறியாதவருக்கு இவை ஒன்றையொன்று ஒத்த பதினான்கு கற்களாகவே தோன்றும்.

முகங்களை உருவப்படங்களாக வாசிப்பதும் இதே வேரிலிருந்து வரும் பிழையே. லூயியின் திட்டத்தில் செதுக்கப்பட்ட முகங்கள் அரசர் என்ற பதவியின் முகங்கள். அமைதியும் இளமையும் கொண்டவை, தனி மனிதச் சாயல் அற்றவை. உண்மையான முகச்சாயலைத் தேடுவோர் 1285-இல் இறந்த மூன்றாம் பிலிப்பின் சிலையிலிருந்து தொடங்கலாம். ஐந்தாம் சார்லஸின் சிலைக்கு முன் சற்று அதிக நேரம் நிற்க வேண்டும். 1364-இல் அரியணை ஏறிய அதே ஆண்டில், தம் இருபத்தாறாம் வயதில், அவர் ஆந்த்ரே போன்வோ என்ற சிற்பியிடம் தம் கல்லறைப் பணியை ஒப்படைத்தார். உயிரோடிருந்த மன்னரைக் கண்டு செதுக்கப்பட்டது என்பதை அந்த நீண்ட மூக்கும் மெலிந்த கன்னமும் காட்டிவிடுகின்றன.

இந்தச் சிலைகள் உறங்குகின்றன என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். தலையின் கீழே தலையணை இருப்பது மெய்தான். ஆனால் பெரும்பாலான சிலைகளின் கண்கள் திறந்திருக்கின்றன, அங்கியின் மடிப்புகளோ நிற்கும் மனிதரின் உடையைப் போல நேராகப் பாதத்தை நோக்கி இறங்குகின்றன. நின்ற உருவத்தைச் செதுக்கிப் பின்னர் கிடத்தியது போன்ற இந்த அமைப்பு திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. இறுதித் தீர்ப்பு நாளின் உயிர்த்தெழுதலுக்காகக் கண்விழித்துக் காத்திருப்போரின் தோற்றம் அது. காலடியில் உள்ள சிங்கத்தை வலிமை என்றும் நாயை விசுவாசம் என்றும் அகராதி போலப் பொருள் எழுதிவிடுவது எளிது. எல்லா இடத்திலும் அது பொருந்துமென்று கொள்ளாமல், யாருடைய காலடியில், எந்தக் காலத்தில் என்று பார்த்துச் சொல்வதே முறை.

ஒருவருக்கு ஒரு கல்லறைதான் இருக்கும் என்று எண்ணுவோர் இங்கே குழம்பிப்போவார்கள். பிரெஞ்சு அரசர்களின் உடல், இதயம், குடல் ஆகியவை வெவ்வேறு கோயில்களில் அடக்கம் செய்யப்படுவதுண்டு. ஐந்தாம் சார்லஸின் இதயம் ரூவான் பேராலயத்துக்கும் குடல் மொபுய்சோன் மடத்துக்கும் சென்றன. எந்தப் பகுதி எங்கே உள்ளது என்பதைச் சிலையின் கையே சொல்லும். இன்று அவருக்கு அருகில் கிடக்கும் அரசி ழான் தெ பூர்போன் மார்பருகே ஒரு சிறு பையைப் பிடித்திருக்கிறார். அது பணப்பை அன்று, குடல் வைக்கப்பட்ட பை. அந்தச் சிலை பாரிஸின் செலஸ்தின் மடத்தில் இருந்த குடல் கல்லறைக்குரியது. ஆன்ழூ இளவரசர் சார்லஸின் சிலை இதயத்தைக் கையில் ஏந்தியிருப்பதும் அவ்வாறே.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகும்: இங்குள்ள எல்லாமே இவ்விடத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மெரோவிங்கிய மன்னர் குளோவிஸின் சிலை பாரிஸின் செயின்ட் ழெனவியேவ் மடத்திலிருந்தும், அவருடைய மகன் சில்டபேருக்கு 12-ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட சிலை சான் ழெர்மேன் தெ பிரே மடத்திலிருந்தும் வந்தவை. ஒன்பதாம் லூயியின் இரு குழந்தைகளான ழானுக்கும் பிளான்ஷுக்கும் ருவாயோமோன் மடத்தில் வைக்கப்பட்ட செப்புத் தகடுகளும் இங்கே உள்ளன. லிமோழ் நகரத்து எனாமல் வேலையில் நீலமும் பொன்னுமாக மின்னும் அவற்றைப் பார்த்தபின், இடைக்காலக் கல்லறை என்றால் வெள்ளைக் கல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கற்சிலைகளும் ஒருகாலத்தில் வண்ணம் பூசப்பட்டவையே. ஒன்பதாம் லூயியின் சொந்தக் கல்லறையோ பொன்முலாம் பூசிய வெள்ளியால் ஆனது. இங்கிலாந்துடன் நடந்த நூறாண்டுப் போரின்போது அது மறைந்துபோயிற்று. பன்னிரண்டாம் லூயி, முதலாம் பிரான்சுவா, இரண்டாம் ஆன்றி ஆகியோரின் மாடம் போன்ற பெருங்கல்லறைகளை மட்டும் இந்த இடைக்காலக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை மறுமலர்ச்சிக் காலத்தவை.

கடைசியாக, இச்சிலைகளின் கீழே மன்னர்கள் கிடக்கிறார்கள் என்று நம்புவது. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசின் ஆணைப்படி கல்லறைகள் உடைக்கப்பட்டன, உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டுக் கோயிலுக்கு வெளியே குழிகளில் கொட்டப்பட்டன. சிலைகளைப் பாரிஸில் தம் பொறுப்பிலிருந்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்று காத்தவர் அலெக்சாந்தர் லெனுவார். 1816-இல் அவை திரும்பத் தொடங்கின. இன்று நாம் காணும் வரிசை 19-ஆம் நூற்றாண்டில் வியோலெ லெ டுயுக் என்ற கட்டடக்கலைஞர் அமைத்தது, சில சிலைகளின் உடைந்த பகுதிகளும் அந்நூற்றாண்டில் புதிதாகச் செய்து பொருத்தப்பட்டவை. 1817-இல் குழிகளிலிருந்து மீட்ட எலும்புகளில் எது யாருடையது என்று பிரிக்க இயலவில்லை. அவை அனைத்தும் நிலவறையில் ஒரே இடத்தில் வைத்து மூடப்பட்டன; வாயிலில் உள்ள கரும்பளிங்குப் பலகைகளில் பெயர்கள் மட்டும் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன.