வரைபொறிக்கு எழுதிய முதல் நிரலைப் பிறரிடம் காட்டிக் கருத்துப் பெறுவது எப்படி?

நிரல் எழுதி, அது தரும் உருவத்தை ப்ளாட்டர் என்னும் வரைபொறியில் பேனாவால் வரைவிக்கும் கலைக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர், முதல் ஓவியம் உருவானதும் திரையில் தெரிவதை அப்படியே படமெடுத்து, விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்று பதில் வருகிறது. கேட்டவரும் சொன்னவரும் நல்ல மனத்தோடுதான் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் அடுத்த தாளில் எதை மாற்ற வேண்டும் என்பது கேட்டவருக்குத் தெரியவே இல்லை. உதவக்கூடிய கருத்து வேண்டுமானால், கேட்பவர்தான் முதலில் சில வேலைகளைச் செய்து முடித்திருக்க வேண்டும். அந்த வேலைகளை ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

ஜெர்மனியின் கேயோர்க் நேஸ், கணினி வரைந்த ஓவியங்களை 1965ஆம் ஆண்டிலேயே ஸ்டுட்கார்ட் நகரில் காட்சிக்கு வைத்தவர். 1968ஐ ஒட்டி அவர் உருவாக்கிய ‘ஷோட்டர்’ என்ற ஓவியம் இன்றும் தொடக்கநிலையினர் தாமே எழுதிப் பழகும் பாடமாக இருக்கிறது. அந்த ஜெர்மன் சொல்லுக்கு ஜல்லி என்று பொருள். குறுக்கே 12, நெடுக்கே 22 என 264 சதுரங்கள். மேல் வரிசைகளில் அவை அடுக்கி வைத்த செங்கல்போல் ஒழுங்காக நிற்கின்றன, கீழே வர வர ஒவ்வொன்றும் சாய்ந்து, விலகி, கடைசி வரிசையில் கொட்டிய ஜல்லியாகச் சிதறிவிடுகின்றன. படம் வரைவதற்கென உருவான ப்ராசஸிங் என்ற நிரல்மொழியில் இதை எழுத முப்பது வரிகள் போதும். தொடக்கநிலையினர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த முப்பது வரிகளுக்குள்ளேயே தலைகாட்டிவிடும் என்பதால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, விதை எண்ணை, அதாவது ரேண்டம் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை, நிலைநிறுத்துவது. ரேண்டம் என்னும் தற்செயல் எண்களை நம்பி எழுதிய நிரல், ஒவ்வொரு முறை ஓடும்போதும் வேறொரு படத்தைத் தரும். நீங்கள் ஒரு படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க, அவர் தம் கணினியில் இன்னொரு படத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். நிரலின் தொடக்கத்திலேயே ரேண்டம்சீட் என்ற கட்டளையில் 42 என்றோ 1968 என்றோ ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், இருவருக்கும் ஒரே படம் வரும். சீராக ஏறி இறங்கும் தற்செயல் எண்களைத் தரும் நாய்ஸ் செயல்பாட்டைப் பயன்படுத்தியிருந்தால் அதற்கு நாய்ஸ்சீட் என்று தனியாக ஒன்று கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சேமிக்கும் கோப்பின் பெயரிலும் அந்த எண் இருக்கட்டும்.

இரண்டாவது, காட்டும் பொருள் மூன்றாக இருக்க வேண்டும்: நிரல், அது உருவாக்கிய எஸ்விஜி கோப்பு (கோடுகளைக் கோடுகளாகவே சேமிக்கும் படக்கோப்பு), தாளில் வரைந்து முடித்த ஓவியத்தின் புகைப்படம். மூன்றில் எது இல்லாவிட்டாலும் கருத்துச் சொல்பவர் ஊகிக்க வேண்டிவரும். நிரலை எழுத்தாகவே அனுப்புங்கள்; திரையின் படமாக அனுப்பினால் அதை யாராலும் ஓட்டிப் பார்க்க முடியாது. புகைப்படத்தைச் சன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள். அதோடு, குறை தெரியும் இடத்தை ஓர் அளவுகோலை ஒட்டி வைத்து நெருக்கத்தில் இன்னொரு படமும் எடுங்கள். அந்த நெருக்கமான படம்தான் பல நேரங்களில் பதிலைக் கொண்டுவருகிறது.

தாளை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பேனா படும் பாட்டைத் திரை காட்டாது. ‘ஷோட்டர்’ படத்தின் மேல் வரிசைகளில் பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள் ஒரே விளிம்பைப் பகிர்ந்துகொள்கின்றன. திரையில் அது ஒரே கோடு; பொறியோ அதே இடத்தில் இரண்டு முறை பேனாவை இழுக்கிறது. சிதறலே இல்லாமல் 264 சதுரங்களையும் கட்டமாக வரைந்தால் பேனா இழுக்கும் விளிம்புகள் 1,056; உண்மையில் தேவையானவை 562 மட்டுமே. மீதி 494 விளிம்புகளும் இரட்டையாக விழுகின்றன. மெல்லிய தாளில் மை ஊறி, அந்தக் கோடுகள் மட்டும் தடித்துத் தெரியும். ‘மேல் பகுதி ஏன் கருத்திருக்கிறது?’ என்ற கேள்விக்குத் திரையின் படத்தைப் பார்த்து எவராலும் விடை சொல்ல முடியாது. 0.4 மி.மீ. பேனாவுக்கு 0.2 மி.மீ. இடைவெளியில் நெருக்கக் கோடுகள் கொடுத்து நிழல் காட்ட முயல்வதும் இதே வகைப் பிழைதான்: திரையில் அழகான சாம்பல் நிறம், தாளிலோ ஈரமான கறுப்புப் பட்டையும் பிய்ந்த நாரும்.

மூன்றாவது, குற்றம் பொறியிலா நிரலிலா என்பதைக் கேட்பதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். இது பத்து நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யாமல் கேட்பதால் வீணாகும் நேரம் மிக அதிகம். ஒரு தாளில் 100 மி.மீ. சதுரம் ஒன்றும் வட்டம் ஒன்றும் மட்டும் வரைவியுங்கள். சதுரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். சரியாக 75 மி.மீ. வந்தால் பொறியில் குறையில்லை. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் என்று கணக்கிட்டு எழுதிய படத்தை, 96 என்று கொள்ளும் மென்பொருள் திறந்திருக்கிறது. எஸ்விஜி கோப்புகளைத் திறக்கும் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் 0.92 பதிப்பு முதல் 96 என்றே கொள்கிறது. கோப்பின் அகல உயரங்களை மி.மீ. அளவில் குறிப்பிட்டுவிட்டால் இந்தக் குழப்பம் எழாது. வட்டம் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியாமல் சற்று விலகி நின்றால், பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பேனா அதன் பிடியில் ஆடிக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் நிரலைக் காட்டிக் கேட்பது, சக்கரம் கோணிய வண்டிக்குச் சாலையைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

இனி நிரல். பிறர் படிப்பதற்கு ஏற்றபடி அதை ஒழுங்குபடுத்துவதே பாதிப் பிழைகளை உங்கள் கண்ணுக்கே காட்டிவிடும். சதுரத்தின் அளவு, வரிசைகளின் எண்ணிக்கை, ஓரத்து இடைவெளி, சிதறலின் அளவு ஆகியவற்றைத் தொடக்கத்தில் பெயரிட்ட மாறிகளாக வைத்துவிடுங்கள், உள்ளே 37.8 என்று மொட்டையாக ஓர் எண் நின்றால், அது 10 மி.மீ. என்பதைப் படிப்பவர் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேள்விக்குத் தொடர்பில்லாத பகுதிகளை நீக்கிய சிறு நிரல் ஒன்றைத் தனியாக உருவாக்கி, பிழை அதிலும் வருகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை, கேள்வியை அனுப்புவதற்கு முன்பே விடை கிடைத்துவிடும் தருணம் பெரும்பாலும் இதுதான்.

சதுரத்தை நான்கு தனிக் கோடுகளாக வரைந்திருக்கிறீர்களா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடலாம். அப்படி எழுதினால், கோடுகளை இணைக்காமல் அனுப்பும்போது பொறி 1,056 முறை பேனாவைத் தூக்கி இறக்கும்; பிகின்ஷேப் தொடங்கி எண்ட்ஷேப் வரை ஒரே மூடிய உருவமாக எழுதினால் 264 முறை போதும். ஒரு முறை தூக்கி இறக்க அரை விநாடி என்று வைத்துக்கொண்டால், 8 நிமிடம் 48 விநாடிக்குப் பதிலாக 2 நிமிடம் 12 விநாடிதான் செலவாகும். நேரத்தைவிட முக்கியமானது, பேனா இறங்கும் முனையில் விழும் மைப்புள்ளி சதுரத்துக்கு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது. கோடுகளை இணைக்கவும் வரிசைப்படுத்தவும் விபைப் என்ற மென்பொருளில் லைன்மெர்ஜ், லைன்சார்ட் கட்டளைகள் இருக்கின்றன. அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் கருத்துக் கேட்கும்போது, அவை கைவைப்பதற்கு முந்தைய கோப்பையே காட்டுங்கள். திருத்திய கோப்பைப் பார்ப்பவருக்கு உங்கள் நிரல் செய்த தவறு தெரியாது.

இப்போது கேள்விக்கு வருவோம். எல்லாவற்றிலும் கடினமான பகுதி இது, எனவே சற்று நின்றே பேசுகிறேன். நல்ல கேள்வியில் நீங்கள் என்ன விரும்பினீர்கள், என்ன நடந்தது, அதற்குள் என்ன முயன்று பார்த்தீர்கள் ஆகிய மூன்றும் இருக்கும். எடுத்துக்காட்டாக: ‘ஐயா, ஷோட்டர் ஓவியத்தைப் பார்த்து எழுதிய நிரலை இணைத்திருக்கிறேன், விதை எண் 1968, ஏ4 தாள், 0.3 மி.மீ. பேனா. மேல் பாதி அமைதியாக இருந்து, கடைசி ஐந்தாறு வரிசைகளில் மட்டும் சதுரங்கள் குலைய வேண்டும் என்று விரும்பினேன். ஆனால் பதினோராம் வரிசையிலேயே குலைவு கண்ணில் படுகிறது. சிதறலின் மொத்த அளவைக் குறைத்துப் பார்த்தேன். அப்போது கீழ்ப்பகுதியும் உயிரற்றுப் போகிறது. எதை மாற்ற வேண்டும்?’

இப்படிக் கேட்டால், நிரலில் பழக்கமுள்ளவர் ஒரே பார்வையில் காரணத்தைக் காண்பார். வரிசை எண்ணை 22ஆல் வகுத்து அப்படியே சிதறலுடன் பெருக்கியிருப்பீர்கள். அதனால் பதினோராம் வரிசையிலேயே முழுச் சிதறலில் பாதி வந்துவிடுகிறது. அந்த விகிதத்தை அதனாலேயே பெருக்கி இருமடியாக எடுத்தால் அங்கே கால் பங்குதான் வரும். மும்மடியாக எடுத்தால் எட்டில் ஒரு பங்கு. கடைசி வரிசை எப்போதும்போல் முழு அளவில் சிதறும். ‘எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு இந்த விடை ஒருபோதும் வந்திருக்காது, ஏனெனில் மேல் பாதி அமைதியாக இருக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சுழற்சி தொடர்பான கேள்விகளுக்கு முன் மூன்று இடங்களை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ப்ராசஸிங் கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற அலகில் (ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 6.28 ரேடியன்) எதிர்பார்க்கிறது. 45 பாகை என்று எண்ணி 45ஐக் கொடுத்தால், சதுரம் ஏழு முழுச் சுற்றுச் சுற்றி ஏறத்தாழ 58 பாகையில் போய் நிற்கும். படம் தவறாகத் தோன்றாது, வேறு மாதிரியாக மட்டுமே தோன்றும் என்பதால் இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும். அடுத்து, சதுரம் தன் நடுப்புள்ளியைச் சுற்றுகிறதா, மூலையைச் சுற்றுகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு சதுரத்தையும் புஷ்மேட்ரிக்ஸ், பாப்மேட்ரிக்ஸ் கட்டளைகளுக்கு இடையே வைக்காவிட்டால் ஒரு சதுரத்தின் சாய்வு அடுத்த சதுரத்தின் மேலும் ஏறிக்கொண்டே போகும்.

யாரிடம் கேட்பது என்பதும் கேள்வியைப் பொறுத்தது. நிரல் தெரிந்தவரிடம் நிரலையும், ப்ளாட்டர் வைத்திருப்பவரிடம் எஸ்விஜி கோப்பையும் பேனா, தாள், வேகம் பற்றிய விவரங்களையும் கொடுங்கள். இவ்விருவரையும் தவிர, நிரலே அறியாத, ஆனால் கோடு போட்டுப் பழகிய ஒருவரிடமும் கட்டாயம் காட்டுங்கள்: ஓவிய ஆசிரியர், கட்டட வரைபடம் வரைபவர், நாள்தோறும் கோலம் போடும் அத்தையாகக்கூட இருக்கலாம். அவரிடம் நிரலைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். தாளைச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நிற்கச் சொல்லி, ‘முதலில் கண் எங்கே போகிறது? பிறகு எங்கே போகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். என்னுடைய ஓர் ஓவியத்தை இப்படிப் பார்த்த ஓவிய ஆசிரியர் ஒருவர், கீழ் வரிசைச் சதுரங்கள் தாளின் விளிம்பை முட்டுவதால் கண் அங்கேயே சிக்கிக்கொள்கிறது என்றார். அதுவரை என் சந்தேகமெல்லாம் சிதறலின் கணக்கின் மேல்தான் இருந்தது. கீழ் ஓரத்தில் 15 மி.மீ. கூடுதலாக இடம் விட்டதும் படம் மூச்சுவிட்டது. கணக்கில் ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஒருவர் கருத்துச் சொல்லும்போது நீங்கள் குறுக்கே பேசி நியாயம் சொல்லாமல், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முழு நிரலையும் தாமே திருத்தி எழுதித் தருபவர்களும் உண்டு. நன்றியோடு வாங்கிக்கொண்டு, எந்த வரியை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். அந்த விளக்கம் இல்லாவிட்டால் அடுத்த ஓவியத்திலும் அதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்.

பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே விதை எண், அதே பேனா, அதே தாளில் மறுபடி வரைவியுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் கிடைநகர்வு, நெடுநகர்வு, சாய்வு என மூன்று ரேண்டம் எண்களை நிரல் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அளவையும் மாற்றலாமே என்று நான்காவதாக ஒன்றை அதே சுற்றுக்குள் (லூப்) சேர்த்தால், இரண்டாம் சதுரத்திலிருந்து எல்லா எண்களும் இடம் மாறிவிடும். விதை எண் அதேதான், படமோ முற்றிலும் வேறு. பழைய மூன்றையும் முதலில் எல்லாச் சதுரங்களுக்கும் எடுத்து அணியில் (எண்களின் பட்டியலில்) சேமித்துவிட்டு, புதியதை அதற்குப் பின் தனிச் சுற்றில் எடுத்தால், பழைய படத்தில் அளவு மட்டும் மாறியிருக்கும். அப்போதுதான் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும்.

ஒவ்வொரு தாளின் பின்புறமும் பென்சிலால் விதை எண், பேனா, தாளின் எடை, வேகம், நாள், எதை மாற்றினீர்கள், யார் சொல்லி மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் எடுத்துக்கொண்டு, கருத்துச் சொன்னவரிடமே மீண்டும் போங்கள். தாம் சொன்னது தாளில் என்ன ஆனது என்பதைப் பார்த்தவர், அடுத்த முறை இன்னும் நுட்பமாகப் பார்ப்பார். சில வேளைகளில் முந்தைய தாளே நன்றாக இருந்தது என்றும் சொல்வார். அதையும் பின்புறத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.