மார்பகப் புற்றுநோயைத் தடுக்க வைட்டமின் ஏ வழி மருந்துகள்: முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்ததைக் கண்ட பெண்ணும், ஒரு மார்பகத்தில் அறுவை சிகிச்சை முடித்துவிட்டு மற்றதைக் குறித்து அஞ்சும் பெண்ணும், நோய் வருமுன் தடுக்க ஏதேனும் மருந்து உண்டா என்று தேடுவது இயல்பு. அப்படித் தேடும்போது ரெட்டினாய்டுகள் என்ற பெயர் கண்ணில் படும். வைட்டமின் ஏ-யும் அதையொத்த வேதிப்பொருள்களும் சேர்ந்த குடும்பம் இது. செல்கள் வளர்வதையும் முதிர்வதையும் நெறிப்படுத்துவது இவற்றின் வேலை. இந்த மருந்துகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவதாக, கடையில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கித் தாமாகவே விழுங்கத் தொடங்கக் கூடாது. உபரியான வைட்டமின் ஏ சிறுநீரில் வெளியேறாமல் கல்லீரலில் சேர்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராம் என்ற உச்சவரம்பைத் தொடர்ந்து தாண்டினால் தலைவலி, தோல் உரிதல், கல்லீரல் பாதிப்பு ஆகியவை வரலாம். கர்ப்பிணியாக இருந்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படலாம். புகைபிடிப்போருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தோருக்கும், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாக 28 விழுக்காடு கூடியது. அதனால் 1996-இல் அந்த ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. புகைபிடிப்பவர் இந்த ஒன்றை மட்டுமாவது மறக்கக் கூடாது.

மார்பகத்துக்கென்று உண்மையில் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட ரெட்டினாய்டு, ஃபென்ரெட்டினைட் என்னும் செயற்கை மருந்து. இது கல்லீரலில் அதிகம் தேங்காமல் மார்பகத் திசுவில் சேர்வதும், கெட்டுப்போன செல்களைத் தாமாகவே மடியத் தூண்டுவதும் ஆய்வாளர்களை ஈர்த்தன. அறுவை மருத்துவர் உம்பெர்த்தோ வெரொனேசியின் தலைமையில் 1987-இல் மிலான் நகரில் தொடங்கிய ஆய்வில், தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடித்த, 30 முதல் 70 வயது வரையிலான 2972 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதிப் பேர் நாள்தோறும் 200 மில்லிகிராம் வீதம் ஐந்தாண்டுகள் மருந்து உட்கொண்டனர். மறுபாதிப் பேருக்கு எதுவும் தரப்படவில்லை.

1999-இல் வெளியான முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். மற்ற மார்பகத்தில் புற்றுநோய் வந்தவர்கள் மருந்து எடுத்தோரில் 65 பேர், எடுக்காதோரில் 71 பேர். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பயன் நிறுவப்படவில்லை என்பதே இதன் பொருள். ஆனால் மாதவிடாய் நிற்காத பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது மருந்து எடுத்தோரில் 27 பேர், எடுக்காதோரில் 42 பேர் என்று இருந்தது. மாதவிடாய் நின்றவர்களிடமோ போக்கு எதிர்த்திசையில் சாய்ந்தது. மிலான் பெண்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும், மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இரண்டாம் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 38 விழுக்காடு குறைந்தே காணப்பட்டது. இது எனக்கு நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் ஓர் ஆய்வின் உட்பிரிவில் கிடைத்த முடிவைத் தனி ஆய்வொன்று உறுதிசெய்யாத வரை அதைச் சிகிச்சையாகக் கொள்ள முடியாது. எந்த நாட்டிலும் ஃபென்ரெட்டினைட் மார்பகப் புற்றுநோய்த் தடுப்பு மருந்தாக ஒப்புதல் பெறவில்லை. எனவே இணையத்தில் யாரேனும் அதை விற்க முன்வந்தால் வாங்காதீர்கள். முறையாக அனுமதிபெற்ற மருத்துவ ஆய்வொன்றில் பங்கேற்பதே அதைப் பெறுவதற்கான நேர்வழி.

ஆய்வில் சேர வாய்ப்புக் கிடைத்தால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கண்ணைப் பற்றிக் கேளுங்கள். கல்லீரலிலிருந்து வைட்டமின் ஏ-யை இரத்தத்தில் சுமந்து செல்லும் புரதத்தை இந்த மருந்து பற்றிக்கொள்வதால், விழித்திரைக்கு வேண்டிய வைட்டமின் குறைகிறது. மிலான் ஆய்வில் மருந்து எடுத்தோரில் சுமார் 19 விழுக்காட்டினருக்கு இருட்டில் பார்வை பழகுவது தாமதமானது. இதைத் தணிக்கவே மாதந்தோறும் மூன்று நாள் மருந்தை நிறுத்தும் முறையை வகுத்தார்கள்; அந்த இடைவெளியைத் தவறவிடக் கூடாது. வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தபின் வழக்கத்தைவிட நெடுநேரம் தடுமாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை இரவில் வண்டி ஓட்ட வேண்டாம். தோல் வறட்சி, அரிப்பு, கண் உறுத்தல், வயிற்றுத் தொந்தரவு ஆகியவற்றையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

கருத்தரிக்கக்கூடிய வயதில் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரெட்டினாய்டுகள் கருவைச் சிதைக்கக்கூடியவை. பயன் தெரிந்ததோ இளம் பெண்களிடம்தான். ஆதலால் தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனையும், உட்கொள்ளும் காலம் முழுவதும் நம்பகமான கருத்தடையும், நிறுத்திய பின் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்ற எழுத்துமூலமான அறிவுரையும் கட்டாயம் தேவை.

புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்பதையும், முந்தைய திசுப் பரிசோதனை அறிக்கைகளையும், மாதவிடாயின் நிலையையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆபத்து உண்மையிலேயே கூடுதல் என்று அவர் கணித்தால், மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் செயலைத் தடுக்கும் டாமோக்சிஃபென் என்ற மாத்திரை குறித்து முதலில் கேளுங்கள். ஆபத்து மிகுந்த 13,388 பெண்களிடம் நடந்து 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அது ஊடுருவும் மார்பகப் புற்றுநோயை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. கருப்பைப் புற்றுநோய், இரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகள் அதற்கும் உண்டு. ஆகையால் குறைந்த அளவான 5 மில்லிகிராம் தமக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். அந்தக் குறைந்த அளவோடு ஃபென்ரெட்டினைட்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வில், இரண்டும் சேர்ந்ததால் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை.

எந்த மருந்தை எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், மருத்துவர் குறித்த இடைவெளியில் மேமோகிராம் செய்துகொள்ள வேண்டும். புதிய கட்டியோ, காம்பிலிருந்து இரத்தக் கசிவோ, தோலில் குழிவோ தென்பட்டால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அந்த வாரத்திலேயே போய்க் காட்ட வேண்டும்.