ஆசிட்டுக்குப் பயப்படுகிறோம், சோப்புத் தூளை நம்பிவிடுகிறோம்

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, இரண்டு விரல்களில் நகச்சுத்து வந்து வீங்கியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஆசிட்டை நான் தொடறதே இல்ல தம்பி, வெறும் சோப்பும் தூளும்தான்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கையைக் கெடுத்தது அந்த வெறும் சோப்பும் தூளும்தான்.

ஆசிட் என்ற பெயரைக் கேட்டாலே பத்தடி தள்ளி நிற்கிறோம். காரத்துக்கு (மிளகாய்க் காரம் இல்லை, வேதியியல் காரம்) அப்படி யாரும் பயப்படுவதில்லை. நம் தோலே லேசான அமிலம்தான் என்பதும் பலருக்குத் தெரியாது. பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நல்ல நிலையில் இருக்கும் தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டி இருக்கும். 1928லேயே ஜெர்மனியில் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு மருத்துவர்கள் இதை 'அமிலப் போர்வை' என்று பெயர் வைத்து விளக்கிவிட்டார்கள். சாதாரணக் குளியல் சோப் 9 முதல் 10 வரை, துணி துவைக்கும் தூளைக் கரைத்த தண்ணீர் 10, 11 வரை போகும். எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் இந்த அளவுகோலில் ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு என்று அர்த்தம், ஆக 5க்கும் 10க்கும் நடுவில் இருப்பது ஒரு லட்சம் மடங்கு.

இதனால் தோலுக்கு என்ன ஆகிறது? தோல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்து, செங்கலுக்கு நடுவில் சாந்து பூசுவது போல செல்களுக்கு நடுவில் பூசிக்கொள்கிறது, அந்த வேலையைச் செய்யும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக ஓடும். காரம் ஏறினால் அவை மந்தமாகிவிடும், அதே நேரம் செல்களைப் பிரித்து உதிர்க்கிற வேறு நொதிகள் வேகமெடுக்கும். பூசும் ஆள் உட்கார்ந்துவிட்டார், இடிக்கும் ஆள் எழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கை கழுவினால் தோல் கொஞ்ச நேரத்தில் சரிசெய்துகொள்ளும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை. எல்லாப் பழியையும் பிஎச் மேல் போடவும் முடியாது. சோப்பு எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுக்கிறது, மணிக்கணக்கில் ஈரத்திலேயே இருப்பதும் தோலை ஊறவைத்துக் கெடுக்கிறது. மூன்றும் சேரும்போதுதான் விரல் இடுக்கு வெடிக்கிறது.

அடுத்து, வழுவழுப்பைத் தப்பாகப் புரிந்துகொள்வது. சலவை சோடாவையோ பிளீச்சையோ தொட்டால் விரல் வழுக்கும், "கை என்ன மிருதுவா இருக்கு" என்று கூட நினைப்போம். அந்த வழுக்கலில் ஒரு பங்கு உங்கள் தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதால் வருவது. அடைத்த சாக்கடைக் குழாயில் போடுகிற காஸ்டிக் சோடா இருக்கிறதே, அது இதையே பயங்கர வேகத்தில் செய்யும். அமிலம் பட்டால் தோலின் புரதம் உறைந்து ஒரு பொருக்கு கட்டும், அது ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். வலியும் சில சமயம் தாமதமாகத்தான் தெரியும், அதனால்தான் "லேசாத்தான் பட்டுச்சு" என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறோம்.

சாம்பல் இயற்கைதானே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விறகுச் சாம்பலும் காரம்தான், பொட்டாசியம் கார்பனேட் இருப்பதால்தான் அது பிசுக்கை எடுக்கிறது. சீயக்காய் கரைசல் லேசான அமிலப் பக்கம் நிற்கும். இரண்டுமே இயற்கை, தோலுக்கு இரண்டும் ஒன்றில்லை.

அப்போ காரத்துக்கு எதிராக எலுமிச்சையைத் தேய்த்தால் சரியாகிவிடுமா? இந்த யோசனை நிறையப் பேருக்கு வருகிறது, தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டி இருக்கும், தோலை விட ஆயிரம் மடங்கு அமிலம், வெடித்த கையில் பட்டால் உயிர் போகும். இன்னொரு விஷயமும் உண்டு, எலுமிச்சை இனத்துப் பழங்களில், முக்கியமாகப் பழத்தோலில், சொராலன் என்ற பொருள் இருக்கிறது, அது கையில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால் தோல் புண்ணாகும். குத்துவிளக்கைப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் துலக்கிவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் மொட்டை மாடி வெயிலில் காய வைக்கப் போனால், ஒன்றிரண்டு நாள் கழித்து கையில் கொப்புளமோ கறுப்புத் திட்டோ வரலாம். அந்தத் திட்டு மறைய வாரங்கள், மாதங்கள் கூட ஆகும்.

கிளவுஸ் போட்டால் போதும் என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போனால் வியர்வையோடு சேர்ந்து அங்கேயே ஊறும், வெறுங்கையை விட மோசம். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கையைக் காயவிடுங்கள், ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

சரி, நிஜ ஆசிட்டுக்கு வருவோம். கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், பிஎச் 1க்கும் கீழே. தெருவில் சைக்கிளில் வரும் ஆசிட்டில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, அதையும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வாங்கி வைக்கிறோம். 2013ல் உச்ச நீதிமன்றம் ஆசிட்டின் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது, ஆனாலும் இந்தப் பழக்கம் போகவில்லை. குழந்தை தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடும், இந்தக் கட்டுரையில் சொல்லும் தவறுகளிலேயே இப்படித் தண்ணீர் பாட்டிலில் வைப்பதுதான் பெரியது. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும், கண்ணும் தொண்டையும் எரியும், சின்ன பாத்ரூமில் மூச்சு திணறிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் போதும்.

மேலே பட்டுவிட்டால் செய்யும் தவறுதான் காயத்தைப் பெரிதாக்குகிறது. ஆசிட் பட்ட இடத்தில் ஆப்ப சோடா, காரம் பட்ட இடத்தில் வினிகர், எது பட்டாலும் டூத்பேஸ்ட். எதுவுமே வேண்டாம். அமிலமும் காரமும் சேரும்போது சூடு வரும், வெந்த இடத்தில் இன்னொரு வேக்காடு. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், கடிகாரம் பார்த்து. நனைந்த துணி, மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்புத் தூள், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் சோடா மாதிரி காய்ந்த பொருளாக இருந்தால், வெறும் விரலால் தொடாமல் துணியால் தட்டி உதிர்த்துவிட்டு, அப்புறம் தண்ணீர். கண்ணில் தெறித்திருந்தால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள், எரிச்சல் குறைந்துவிட்டது என்று வீட்டில் இருக்காதீர்கள். எந்தப் பொருள் என்று மருத்துவர் கேட்பார், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அக்காவுக்கு இப்போது தூளுக்குப் பதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் வாங்கி வைத்திருக்கிறோம், அதில் பல நடுநிலையை ஒட்டியே இருக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தை ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவுகிறார். விரல் இடுக்கு ஆறிவிட்டது. நகச்சுத்துக்கு மட்டும் தோல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது, பூஞ்சைத் தொற்று இருக்கிறது என்று மருந்து கொடுத்தார், இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.